லாரியில் பிடித்த விட்டில்

விட்டில் பூச்சி பார்ப்பதற்காக அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கியவன் என்று என்னைப் பற்றி யாராவது சொன்னால் நம்புங்கள். அப்படி வாங்கிக்கொண்டு என்ன கிழித்தார் என்று அடுத்துக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுங்கள். மழை விட்டதும் நீங்கள் கல்வராயன் மலைக்குக் கணக்கெடுக்கப் போகிறீர்கள். வெள்ளைத் துணி, விளக்கு, நல்ல கேமரா வைத்த போன் எல்லாம் தயார். போவதற்கு முன்னால் அனுபவசாலி ஒருவர் நாலு வார்த்தை எழுதித் தரட்டும் என்று என்னிடம் வந்திருக்கிறீர்கள். அனுபவசாலி என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி சிரித்த சிரிப்பில் காபி புரையேறிவிட்டது. அவளுக்கு எல்லாக் கதையும் தெரியும்.

வலை வீசுவது, இறக்கை விரிப்பது, ஊசி குத்துவது இதெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதை என்னைவிட நீங்கள் நன்றாகச் செய்கிறீர்கள். நான் அசடு வழிந்த கதை மட்டும்தான் என்னிடம் சொந்தச் சரக்காக இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பூச்சியைப் பிடித்து, இது உலகத்துக்கே புதியது என்று நானே முடிவு கட்டித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். இறக்கையின் நடுவில் பளபளவென்று ஒரு வெள்ளைத் திட்டு. எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு திட்டு கிடையாது. அதற்கு ஒரு பெயரும் யோசித்து வைத்திருந்தேன், என் பெயர் அதில் எங்கேயாவது ஒட்டிக்கொள்கிற மாதிரி. எங்கள் பிரிவின் தலைவியை நாங்கள் எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வோம். மேடம் அதை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு டிரங்க் காலில் கூப்பிட்டார்.

“புது இனமெல்லாம் இல்லைங்க. சாதாரண ஆமணக்குப் பூச்சி. அந்தத் திட்டு உங்க கட்டைவிரல்.”

பிடிக்கும்போது நான் அழுத்திய அழுத்தில் இறக்கைத் துகள் உரிந்து போயிருக்கிறது. மேடம் திட்டவில்லை. “பூச்சி எதுன்னு நான் இங்க உக்காந்து பாத்துக்குவேன். அது எங்க உக்காந்திருந்துதுன்னு நீங்கதான் பாக்கணும். உங்களுக்குச் சம்பளம் அதுக்குத்தான்” என்றார். நான் அதை லேபிளில் ஊர்ப் பெயரைச் சரியாக எழுது என்று மட்டும் புரிந்துகொண்டேன். அதற்குமேல் அதில் ஏதோ இருக்கிறது என்பது உறைக்க எனக்கு ஒரு லாரி தேவைப்பட்டது.

லாரிக்கு வருவதற்கு முன் என் அலுவலகத்தைச் சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் ஓர் அரிசி மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறை. வெளியே ‘பூச்சி ஆய்வு நிலையம்’ என்று போர்டு. அதைப் பார்த்துவிட்டு மூட்டைப் பூச்சி மருந்து கேட்டு வருபவர்கள்தான் ஜாஸ்தி. ஆய்வாளர், உதவியாளர், பெருக்குகிறவர் எல்லாம் நான் ஒருவனே. ஆண்டு முடிவதற்குள் கல்வராயன் மலையிலிருந்து சொல்லிக்கொள்ளும்படி ஒரு பதிவாவது வரவில்லை என்றால் நிலையத்தை மூடிவிட்டு, என்னைத் தானியக் கிடங்கு ஒன்றுக்கு வண்டு எண்ண அனுப்புவதாக மேலிடத்தில் முடிவாகியிருந்தது. மேடம் எனக்காகப் போராடிக்கொண்டிருந்தார். அவருக்குக் கையில் காட்ட ஒரு பூச்சி வேண்டும்.

எந்தப் பூச்சி என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். குங்கும விட்டில் என்று எங்களுக்குள் பெயர் வைத்திருந்தோம். அறிவியல் பெயரைச் சொல்லி உங்களைக் கொட்டாவி விட வைக்கமாட்டேன். மேல் இறக்கை அசல் மரப்பட்டை. மரத்தில் ஒட்டிக்கொண்டால் மூக்கால் தொட்டால்கூடத் தெரியாது. சீண்டினால் மேல் இறக்கையை விலக்கிக் கீழ் இறக்கையைக் காட்டும், நெற்றியில் வைத்த குங்குமம் மாதிரி பளீரென்று. அடர்ந்த பழைய காட்டில், முதிர்ந்த மரங்களில் மட்டும் இருக்கும். அதுவரை அகப்பட்டவை எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையில்தான். இங்கே, நம் கிழக்கத்தி மலையில், யாரும் பார்த்ததாக ஒரு வரி கிடையாது. கல்வராயனில் ஒன்றே ஒன்று கிடைத்தால் மாவட்டத்துக்கே முதல் பதிவு. நிலையம் பிழைக்கும், நானும் பிழைப்பேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் தென்னாற்காடு முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. நாலு நாளைக்கு ஒருமுறை எங்கேயாவது சாலை மறியல். அந்த வாரம் பெரிய சாலைகளில் வண்டியே ஓடவில்லை. சேலத்திலிருந்து வந்த லாரிகள் எல்லாம் சின்னசேலத்திலேயே திரும்பி, மாட்டு வண்டி போகிற ஊர்ச் சாலைகளுக்குள் புகுந்து கள்ளக்குறிச்சி வரப் பார்த்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிமலையில் ஒரு வாரம் அலைந்துவிட்டு வெறுங்கையோடு இறங்கி, கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ் ஏறினேன். வடக்கனந்தல் வருவதற்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. குறுக்கே ஒரு முழுப் புளியமரம் கிடந்தது. கிளைகளுக்கு நடுவே கொடி கட்டி, ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல வெயில். சாலையில் நிழல் தந்துகொண்டிருந்த ஒரே மரம்தான் சாலையில் கிடக்கிறதே. எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் மரத்தடி ஏற்றிய லாரி ஒன்று தார்ப்பாய் போட்டுக் கட்டி நின்றது. அதன் நிழலில் போய் ஒண்டிக்கொண்டேன்.

சும்மா நின்றிருக்கலாம். காற்றுக்குத் தார்ப்பாயின் ஓரம் தூக்கித் தூக்கி விழுந்தது. தூக்கும்போது உள்ளே மரத்தடி தெரிந்தது. பட்டை உரிக்காத மரம் எதைக் கண்டாலும் கண் அதில் மேய்வது நம் தொழிலில் வருகிற வியாதி, உங்களுக்கும் வந்திருக்கும். மேய்ந்தேன். ஓரிடத்தில் பட்டை கொஞ்சம் கூடுதலாகப் பட்டை மாதிரி இருந்தது. தார்ப்பாய்க்குள் தலையை விட்டு, கையை நீட்டி, ஒரு விரலால் மெதுவாகத் தொட்டேன். குங்குமம் பளீரென்று தெரிந்து மறைந்தது.

நான் கத்தியிருக்கிறேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருந்த டிரைவர் எழுந்து ஓடிவந்தார். நாற்பது வயது இருக்கும், காக்கிச் சட்டை, கண்ணில் தூக்கம். என் கையில் வலை, தோளில் பை, பையில் வாயகன்ற கண்ணாடிப் புட்டி. என் சட்டையும் காக்கிதான். மலையில் அழுக்குத் தெரியாது என்பதற்காகப் போட்டுக்கொள்வேன்.

“இன்னா சார், இன்னா வோணும்? தார்ப்பாய எதுக்குத் தூக்கறீங்க?”

“இந்த மரம் எங்க வெட்டினது?” என்றேன். வணக்கம் கூடச் சொல்லவில்லை.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் அதை வெயில் என்று நினைத்தேன்.

“கேரளா லோடுங்க. பேப்பர் எல்லாம் கீதுங்க.”

“பேப்பர் வேண்டாங்க. எந்த இடத்துல வெட்டினது, எந்தச் சரிவு, எவ்வளவு உயரம், என்னைக்கு வெட்டினது, அது தெரிஞ்சா போதும். கல்வராயன் மலையா?”

அந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “வாங்க சார், மொதல்ல ஒரு டீ சாப்புடலாம். டிபன் ஆச்சா? வூட்டுக்கு ஏதாச்சும் வாங்கித் தரட்டுங்களா?” என்றார். என்ன ஒரு விருந்தோம்பல் என்று நெகிழ்ந்துபோனேன். “அதெல்லாம் வேணாங்க, உண்மையச் சொல்லுங்க, அது போதும்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் இன்னொரு கையால் சட்டைப் பையிலிருந்த நோட்டுகளைத் தடவிப் பார்த்தார். அது மட்டும் எனக்குக் கொஞ்சம் விசித்திரமாகப்பட்டது.

முதலில் பூச்சியைப் புட்டிக்குள் விட வேண்டும். லாரிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, தடியில் கை ஊன்றி, புட்டியின் வாயைப் பூச்சியின்மேல் கவிழ்த்தேன். கையெல்லாம் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே இறங்கினேன். இறங்கும்போது என்னைச் சுற்றி மறியல்காரர்கள் பத்துப் பேர் நின்றிருந்தார்கள்.

“யாருய்யா நீ? சிஐடியா? புட்டியில இன்னா?”

முன்னால் நின்றவர் ஏழுமலை என்று பிறகு தெரிந்துகொண்டேன். வடக்கனந்தல்காரர். இருபத்தைந்து வயது, கரும்புத் தோட்டத்திலிருந்து நேராக வந்த கால்கள், சட்டைப் பையில் பேனா. நான் என் வேலையைச் சொன்னேன். விட்டில் பூச்சி பார்ப்பதற்கு அரசாங்கம் ஒரு ஆளை வைத்திருக்கிறது என்பதை அங்கே ஒருவர்கூட நம்பவில்லை. அதற்காக நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஏழுமலைதான் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பூச்சி அவருக்காகவே ஒருமுறை இறக்கையை விலக்கியது. “அடேங்கப்பா” என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அதோடு இறுக்கம் தளர்ந்தது.

“நானும் பி.எஸ்சி. விலங்கியல்தாங்க” என்றார் ஏழுமலை. “படிச்சுட்டு மூணு வருசமா கரும்பு வெட்டறேன். உங்க ஆபீஸ்ல மொத்தம் எத்தினி பேரு?”

“ஒரே ஆள்தாங்க. நான்தான்.”

“அப்ப மொத்தக் கோட்டாவும் நீங்களே எடுத்துக்கினீங்க.”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. அவர் புட்டியைத் திருப்பித் தந்துகொண்டே, இதில் என்ன அவ்வளவு விசேஷம் என்று கேட்டார். இந்தப் பூச்சி இந்த மலையில் இருப்பதாகப் பதிவு இல்லை, அதனால் இங்கே இது இல்லை என்றுதான் இதுவரை எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்றேன்.

“யாராச்சும் வந்து தேடிப் பாத்தாங்களா?”

“எனக்கு முன்னாடி யாரும் வரலை.”

“எங்க கதையும் அதாங்க. எங்க ஊர்ல படிச்சவன் எவ்ளோ பேரு கீறான்னு எவனும் வந்து எண்ணல. எண்ணாமலேயே இல்லைன்றான். எண்ணுங்கடான்னுதான் மரத்தப் போட்டுக்கினு உக்காந்துகீறோம்.”

நியாயமான பேச்சு என்று தலையாட்டினேன். நன்றாக, பலமாக ஆட்டினேன். அது தலைக்குள் போகவில்லை என்பது கால் மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது.

கால் மணி நேரத்தில் போலீஸ் ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஏழுமலையோடு பேசினார், கத்தினார், மறுபடி பேசினார். சாயங்காலத்துக்கு முன் மரத்தை நகர்த்தி ஒரு வண்டி போகிற அளவு வழிவிடுவது என்று முடிவானது. திரும்பி நடந்த சப்-இன்ஸ்பெக்டரின் கண் லாரியில் விழுந்தது. டிரைவர் பேப்பரை நீட்டினார்.

“கேரளா லோடுக்கு இந்தச் சந்துல இன்னாய்யா வேலை?”

“மெயின் ரோடு பூரா மறியலுங்க ஐயா. சின்னசேலத்துல திரும்பி உள்ளாற பூந்து வந்தேங்க.”

“மலையிலேர்ந்து எறக்குன மரம் இல்லையே?”

டிரைவர் பதில் சொல்வதற்குள் கூட்டத்தில் யாரோ உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, “அந்த சாரக் கேளுங்க, அவரு காட்டு ஆராய்ச்சி பண்றவரு” என்றார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சப்-இன்ஸ்பெக்டர் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். அதில் அசோகச் சக்கரம் இருந்தது. அவர் குரலில் மரியாதை வந்தது.

“சார், இந்த மரத்துலதான் இந்தப் பூச்சி இருந்துதா?”

“ஆமாங்க.”

“இது எந்தக் காட்டுப் பூச்சி?”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் நிற்காத இடம் இது. என் வாழ்க்கையில் ஒரு போலீஸ் அதிகாரி, ஒரு மறியல் கூட்டம், ஒரு பஸ் நிறையப் பயணிகள் எல்லோரும் சேர்ந்து ஒரு விட்டில் பூச்சியைப் பற்றி என்னிடம் கேட்டது அந்த ஒரு தடவைதான். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிற குரல் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது.

“இதுவரை கிடைத்திருக்கும் பதிவுகளின்படி, இந்த இனம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மட்டுமே காணப்படுகிறது.”

“அது கேரளா பக்கம்தானே?”

“கேரளமும் அதில் அடக்கம்.”

“சயின்டிஸ்டே சொல்லிட்டாரு. போ, போ, வண்டிய எடு” என்று சப்-இன்ஸ்பெக்டர் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு ஒரு பக்கம் பெருமை. இன்னொரு பக்கம், என் முதல் பதிவு என் வாயாலேயே கேரளத்துக்குப் போய்விட்டதே என்று வருத்தம். ஆனாலும் உண்மையைச் சொன்னேன் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

புளியமரம் நகர்ந்தது. பஸ் டிரைவரைக் காணவில்லை. லாரி டிரைவர் என்னைத் தேடிவந்து, ஏறுங்க சார், கள்ளக்குறிச்சியில் விடுகிறேன் என்றார். புட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தேன். இது மட்டும் கல்வராயன் மலை மரமாக இருந்திருந்தால் என் நிலையம் பிழைத்திருக்கும், கேரளா லோடு ஆகிப்போனதில் என் பிழைப்பே போயிற்று என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க ரொம்ப நல்லவரா, இல்ல ஒண்ணும் வெவரம் இல்லாதவரா?”

“ஏங்க?”

“கேரளா லோடு மேல ரெண்டு வரிசைதாங்க. அடியில கீற வேங்கை பூரா நம்ம மலை. முந்தாநேத்து வெட்டுனது. வெள்ளிமலை ஓடையத் தாண்டி, ரெண்டு பாறை ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சுகினு இருக்கும் பாருங்க, அதுக்குப் பின்னால. நீங்க தெரிஞ்சுக்கினே என்னக் காப்பாத்துறீங்கன்னு நெனச்சேன்.”

அப்போதுதான் என் விரல்களைப் பார்த்தேன். துடைத்தும் போகாமல் விரலிடுக்கில் சிவப்பாகப் பிசின் காய்ந்திருந்தது. கைக்குட்டையை எடுத்தேன், ரத்தம் துடைத்த துணி மாதிரி இருந்தது. வேங்கையை வெட்டினால் சிவப்பாகப் பால் வடியும் என்பது இந்தப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பாலைக் குடிக்கத்தான் பூச்சியே வந்து உட்கார்ந்திருக்கிறது. கேரளத்தில் வெட்டி, நாலைந்து நாள் வெயிலில் வந்த தடியில் பால் இப்படிக் கசியுமா? சாட்சியைக் கையில் ஈரத்தோடு அப்பிக்கொண்டு, அந்தக் கையையே நீட்டி நீட்டி, பதிவுகளின்படி என்று பிரசங்கம் செய்திருக்கிறேன். பூச்சியைப் பார்த்தேன். பூச்சி உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவில்லை.

“சொல்றதுன்னா போய்ச் சொல்லுங்க” என்றார் அவர். குரலில் கெஞ்சல் இல்லை, களைப்புதான் இருந்தது. “மொதலாளி பேரு எந்தப் பேப்பர்லயும் கெடையாது. உள்ள போறவன் நான்தான். வண்டிய ஓட்டலைன்னா வேற ஆளப் போடுவாரு. மரம் எறங்கறது எறங்கிக்கினுதான் இருக்கும்.”

நான் போய்ச் சொல்லவில்லை. பயம் ஒரு பக்கம், அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது ஒரு பக்கம். எல்லாவற்றையும்விட, திரும்பிப் போய் அந்தக் கூட்டத்தின் முன்னால் நான் உளறிவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கள்ளக்குறிச்சியில் இறக்கிவிட்டார். எந்த மரம், எந்தச் சரிவு என்று அவ்வளவு துருவிய நான் அந்த மனிதரின் பெயரைக் கேட்கவில்லை. இப்போது யாரையும் காட்டிக்கொடுக்காமல் இதை எழுத முடிகிறது என்றால் அதனால்தான்.

லேபிள் எழுதுவது அன்றுபோல் என்றும் எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. ‘கல்வராயன் மலை’ என்று எழுதினால் வேலை பிழைக்கும், அது உண்மையும்கூட. ஆனால் அது நான் பார்த்த உண்மை இல்லை, காதால் கேட்டது. எழுதினால் அந்த டிரைவரும் அதோடு போவார். கடைசியில் இப்படி எழுதினேன்: ‘வடக்கனந்தல் அருகே, சாலையில் நின்ற லாரியில், வேங்கைத் தடி மேல். மரம் வெட்டிய இடம் உறுதியில்லை.’ அதை நானே எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“லாரியில பிடிச்ச பூச்சின்னு இந்த நாட்டுலயே இது ஒண்ணுதான் இருக்கும். உறுதியில்லையா, இல்ல சொல்ல முடியாதா?”

“கேள்விப்பட்டேன் மேடம்.”

“அப்ப போய்ப் பாத்துட்டு வந்து எழுதுங்க” என்றார்.

மழை முடிந்ததும் போனேன். ஓடையைத் தாண்டினேன். இரண்டு பாறைகள், அவர் சொன்ன மாதிரியே சாய்ந்து நின்றன. பின்னால் காடு இல்லை. சரிவு முழுக்க அடிமரங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் கறுத்துப்போன சிவப்பு. லாரி அந்த ஒரு தடவையோடு நிற்கவில்லை. நான் வழிவிட்டு அனுப்பிய பிறகும் வந்து வந்து போயிருக்கிறது. வலையை மடியில் போட்டுக்கொண்டு ஓர் அடிமரத்தின்மேல் உட்கார்ந்து அழுதேன். பூச்சிக்காகவா, மரத்துக்காகவா, தானியக் கிடங்குக்காகவா என்று கேட்காதீர்கள். எல்லாம் சேர்ந்துதான்.

சப்-இன்ஸ்பெக்டரிடம் நான் சொன்ன வாக்கியத்துக்குப் பின்னால் இன்னொரு வாக்கியம் இருந்தது. ‘ஆனால் இந்த மலையில் இதுவரை யாரும் தேடிப் பார்க்கவில்லை, ஆகவே இங்கிருந்தும் வந்திருக்கலாம்.’ அவ்வளவுதான். சொல்லியிருந்தால் டிரைவர் உள்ளே போயிருப்பார், மரம் கொஞ்சம் நின்றிருக்கலாம். சொல்லாததால் அவர் வீட்டுக்குப் போனார், மரம் போயிற்று. எது சரி என்று இன்றுவரை எனக்குத் தீர்ப்பு சொல்லத் தெரியவில்லை. ஆனால் யாரைக் காப்பாற்றுவது என்று யோசித்து நான் அந்த வாக்கியத்தை விழுங்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் வலிக்கிறது.

மலையிலிருந்து இறங்கியதும் வன அலுவலகத்துக்குப் போய், இன்ன சரிவில் மரம் வெட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். லாரியைப் பற்றிச் சொல்லவில்லை. ஆள் போட்டுக் காவல் வைப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் ஆண்டு முடிந்தது, நிலையத்தை மூடினார்கள். போர்டை நானேதான் கழற்றினேன். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை நான் பார்த்த பூச்சியெல்லாம் அரிசிக்குள் இருந்தது. அவற்றில் எதுவும் இறக்கையை விலக்கிக் குங்குமம் காட்டவில்லை.

இனி வருவது உங்களில் பலருக்குத் தெரிந்த கதை, ஒரு பாதியைத் தவிர. உங்கள் குழுவில் இருக்கும் ஸ்டெல்லா டீச்சர், நைனார்பாளையத்துக்காரர், போன வருடம் மலையிலிருந்து எனக்கு ஒரு படம் அனுப்பினார். ஓய்வு பெற்ற பிறகு நீங்கள் அனுப்புகிற படங்களுக்குப் பெயர் சொல்வதுதான் என் பொழுதுபோக்கு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மரப்பட்டைக்குக் கீழே ஒரு கீற்றுச் சிவப்பு. உடனே போன் செய்து, பாடம் நடத்துகிற குரலில் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்?

“வாய்ப்பே இல்லம்மா. இது மேற்குத் தொடர்ச்சி மலைப் பூச்சி. நம்ம பக்கம் பதிவு கிடையாது.”

“பதிவு இல்லைன்னா இன்னா சார்? நான் பாத்துக்கினு இருக்கேனே. தோ, எதிர்லதான் உக்காந்திருக்கு.”

சமையலறையில் என் மனைவி கையில் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். ஏழுமலையும் புளியமரமும் சப்-இன்ஸ்பெக்டரும் என்னைச் சுற்றி வந்து நின்றுகொண்டார்கள். ஒரு மனிதன் ஒரே முட்டாள்தனத்தை வாழ்நாள் முழுக்கப் பத்திரமாக வைத்திருந்து, வேளை வந்ததும் எடுத்து நீட்ட முடியும் என்பதற்கு நானே அத்தாட்சி. தண்ணீர் குடித்துவிட்டு, முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

“எது மேல உட்கார்ந்திருக்கும்மா?”

“வேங்கை சார். முழு மரம் இல்ல. எந்தக் காலத்துலயோ வெட்டுன அடிமரம். அதுலேர்ந்து நாலஞ்சு கிளை பொறப்பட்டு, இப்ப ஒவ்வொண்ணும் மரமாட்டம் ஆயிருக்கு. இந்தச் சரிவு பூரா இப்படித்தான் கீது. பக்கத்துல ரெண்டு பாறை, ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சுகினு…”

சார், சார், லைன்ல இருக்கீங்களா என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

படத்தை வைத்து மட்டும் உறுதி செய்ய முடியாது, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி வேண்டும். தலைமை அலுவலகத்தில் இருந்த பழைய மாதிரிகளில் சிதையாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். மேடம் தன் காலத்திலேயே அதைத் தனிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். லாரியில் பிடித்தது. ஸ்டெல்லா பிடித்து அனுப்பிய பூச்சியோடு கோட்டுக்குக் கோடு பொருந்தியது.

பதிவு ஸ்டெல்லாவின் பெயரில் வந்தது. பழைய மாதிரியும் இந்தச் சரிவிலிருந்துதான் என்று என் லேபிளையும் திருத்திவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், லாரி லாரியாகவே இருக்கட்டும் என்றேன். அவருடைய லேபிளை எனக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ‘வெட்டிய அடியிலிருந்து துளிர்த்த வேங்கை மேல்’ என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு வெகுநேரம், அன்று வேங்கைப் பால் ஒட்டிய என் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.